இரவல் உறுப்புகளின் வரலாறு: லோட்டஸ் எஸ்ப்ரி டர்போவை முன்வைத்து

1980இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலுள்ள ஹெத்தல் ஆலையிலிருந்து வெளிவந்த எஸ்ப்ரி டர்போவைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக மூன்றைக் குறிப்பிடுவர்: நிறுவனர் காலின் சாப்மன், மூல வடிவத்தை வரைந்த ஜியுஜியாரோ, 1981இன் ஜேம்ஸ் பாண்ட் படம். இவை எதுவும் இப்பதிவின் பொருளன்று. நாற்பது ஆண்டு கடந்த அவ்வண்டிக்கு இன்று ஒரு மாற்று உறுப்பைத் தேடுபவர் எந்த வரலாற்றைப் படிக்க நேர்கிறது என்பதே என் கேள்வி.

லோட்டஸ் சிறிய நிறுவனம். ஒரு விளக்குக்கோ கைப்பிடிக்கோ தனி அச்சு செய்யும் செலவை, ஆண்டுக்குச் சில நூறு வண்டிகள் விற்று ஈட்ட இயலாது. ஆகவே பெரிய நிறுவனங்களின் உறுப்புகளை வாங்கிப் பொருத்தினர். எஸ்ப்ரி டர்போவின் கதவுக் கைப்பிடி மோரிஸ் மரீனா என்னும் எளிய குடும்ப வண்டியினுடையது. பின்விளக்கு ரோவர் எஸ்டி1இனுடையது. கியர்பெட்டி பிரான்சின் சிட்ரோயன் எஸ்எம்மிலிருந்து வந்தது. இவற்றுள் கியர்பெட்டியே வரலாற்று மாணவர் நின்று பார்க்க வேண்டியது. எஸ்எம்மின் உற்பத்தி 1975இல் நின்றுவிட்டது. முதல் எஸ்ப்ரி வாங்குவோர் கைக்குப் போனதோ 1976இல். கொடுத்த வண்டி மறைந்த பின்னரே பெற்ற வண்டி பிறந்தது. மேலும், சிட்ரோயனில் முன்சக்கரங்களை இயக்கிய பெட்டி எஸ்ப்ரியில் பின்சக்கரங்களை இயக்குகிறது. எஞ்சினும் பெட்டியும் சேர்ந்து முன்பின்னாகத் திரும்புவதால் சுழற்சித் திசை மாறிவிடும். அதைச் சரிசெய்ய உள்ளிருக்கும் பெரிய பற்சக்கரத்தை மறுபக்கம் வைக்க வேண்டும். பழைய எஸ்எம் ஒன்றைத் தேடிப்பிடித்தாலும் அதன் பெட்டி அப்படியே பொருந்தாது.

1982 டிசம்பரில் சாப்மன் இறந்தார். 1983இல் டொயோட்டா பங்கு வாங்கியது. 1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தையே வாங்கியது. 1987இல் பீட்டர் ஸ்டீவன்ஸ் வடிவத்தைத் திருத்தியபோது பின்விளக்கு டொயோட்டா கரோலா ஏஇ86இனுடையதாக மாறியது, கியர்பெட்டி ரெனோவுடையதாயிற்று. சில ஆண்டுகளில் எரிபொருள் செலுத்தும் மின்னணுக் கருவிகள் ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து வந்தன. ஒரே கோயிலின் சுவரில் அடுத்தடுத்த அரசர்களின் கொடைக் கல்வெட்டுகள் நிற்பதுபோல, எந்த ஆண்டில் யாருடைய தயவில் நிறுவனம் பிழைத்தது என்பதை உதிரிபாகப் பட்டியல் சொல்லிவிடுகிறது. நிறுவனத்தின் ஆண்டறிக்கையைவிட இதை நம்பலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பொருந்தாத உறுப்பு பொய் சொல்லாது.

மொழியியல் பயின்ற எனக்கு இங்கே கடன்சொல் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. வாங்கிய உறுப்புக்கு லோட்டஸ் தன் சொந்த எண்ணைச் சூட்டியது. எண் மாறியதும் பிறப்பிடம் மறைந்தது. இன்று அதே உறுப்பை லோட்டஸ் எண்ணில் கேட்டால் ஒரு விலை, மூல வண்டியின் பெயரில் கேட்டால் வேறு விலை. வேர் காண்பவருக்கே இலாபம்.

ஆனால் வேர் காண்பதில் போலி ஒப்புமையும் உண்டு. முதற்கால எஸ்ப்ரி டர்போவில் டெல்லோர்ட்டோ கார்புரேட்டர்கள் இரண்டு உள்ளன. டர்போ அழுத்திய காற்று அவற்றின் வழியாகவே எஞ்சினுக்குள் புகுகிறது. எனவே அவற்றின் அச்சுத்தண்டுகள் கசியாதபடி தனியாக அடைக்கப்பட்டவை. டர்போ இல்லாத வண்டிகளுக்குரிய டெல்லோர்ட்டோவும் ஏறக்குறைய அதே தோற்றமுடையது, பெயரும் ஒன்றே. அதைப் பொருத்தினால் அழுத்தத்தில் பெட்ரோல் ஆவி வெளியே கசியும். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், சூடேறிய டர்போவுக்கு அருகே நிகழும் கசிவு அது. டர்போவின் நிலை வேறு. காரெட் டி3 வகை சாப், வோல்வோ, ஃபோர்ட் வண்டிகளிலும் இருந்தமையால் உள்ளிருக்கும் தாங்கிகளும் அடைப்புகளும் எளிதில் கிடைக்கின்றன. வெளிக்கூட்டின் அளவு மட்டும் ஒத்துவர வேண்டும். எது இனம், எது போலி என்னும் இந்த அறிவு பெரும்பாலும் பட்டறைக்காரர், உரிமையாளர் ஆகியோரின் குறிப்பேடுகளிலேயே தங்கியிருக்கிறது. வடிவமைப்பாளரின் கோட்டோவியத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் நாம், எண்ணெய்க்கறை படிந்த இக்குறிப்பேடுகளைச் சான்றாக எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றை எழுதியோர் முதுமையடைந்து வருகின்றனர்.

கொடுத்த வண்டிகளின் கதியும் ஒன்றுபோல் இல்லை. இலட்சக்கணக்கில் சாலையிலிருந்த மரீனா இன்று அரிய பொருள். ஏஇ86ஓ ஜப்பானிய மலைப்பாதைப் பந்தயக்காரர்களாலும் 1995இல் தொடங்கிய ‘இனிஷியல் டி’ சித்திரக்கதையாலும் புகழ்பெற்று, தானே சேகரிப்போரின் விருப்பமாகிவிட்டது. மலிவுக்காக இரவல் பெற்ற விளக்குக்கு இப்போது இரு சாராரும் போட்டியிடுகின்றனர்.

ரோவர் எஸ்டி1இன் கதை நம் பக்கம் வருகிறது. பிரிட்டனில் அதன் உற்பத்தி முடிவுக்கு வந்த காலத்தில், சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985இல் அதே உடலமைப்பை ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்னும் பெயரில் வெளியிட்டது. ரோவரின் எஞ்சினுக்குப் பதில் பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின், விலையோ அதிகம். சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. எஸ்ப்ரி டர்போவின் பின்புறத்தை அலங்கரித்த அதே வடிவ விளக்கு, சென்னைச் சாலைகளில் அரசு அதிகாரிகளையும் தொழிலதிபர்களையும் ஏற்றிச் சென்ற கனத்த வண்டியிலும் ஒளிர்ந்தது. ஆலையில் எஞ்சிக் கிடந்த எஸ்டி1 உதிரிபாகங்களைப் பின்னர் பிரிட்டனைச் சேர்ந்த ரோவர் உதிரிபாக வணிகர் வாங்கி, கப்பலில் தம் நாட்டுக்கே திரும்பக் கொண்டுசென்றனர்.