வஞ்சியில் பிழை, காஞ்சியில் அளவை: மணிமேகலையின் ‘சுட்டுணர்வு’

புலனுணர்வு, புலன்காட்சி, கவனம், திரிபுக்காட்சி என்று கல்வியியல் கல்லூரி மாணவர் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்யும் உளவியல் சொற்கள் யாவும் இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு நேராக ஆக்கப்பட்டவை, அவற்றுக்குப் பின்னே தமிழில் கோட்பாட்டு மரபு எதுவும் இல்லை என்னும் எண்ணம் கலைச்சொல் ஆய்வில் வேரூன்றியிருக்கிறது. மணிமேகலையைக் காட்டி மறுத்தால், அது வடமொழித் தருக்க நூலின் தமிழாக்கம், அங்கும் சொற்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்ற விடை வரும். அந்த முரணுக்குச் சான்றாக நிற்கக்கூடிய சொல் ‘சுட்டுணர்வு’. அதனை ஊன்றிப் படித்தால் இம்முடிவு நிலைக்காது என்பதே என் வாதம்.

27ஆம் காதையில், வஞ்சி நகரத்து அளவைவாதி போலி அளவைகள் (பிழையான அறியும் வழிகள்) எட்டனுள் ஒன்றாகச் சுட்டுணர்வை எண்ணுகிறான். 29ஆம் காதையில், காஞ்சியில் மணிமேகலைக்கு அறம் உரைக்கும் அறவண அடிகள் அதே சுட்டுணர்வையே குற்றமற்ற காட்சி என்கிறார். ஒரே காப்பியம், ஒரே சொல். நடுவே நிற்பது கச்சி மாநகர் புக்க காதை ஒன்றுதான். இதைப் புலவரின் கவனக்குறைவு என்று கொள்ளலாம். 29ஐ இடைச்செருகல் எனத் தள்ளலாம். சைவ சித்தாந்தம் கூறும் சுட்டறிவோடு இணைத்து, ‘இன்னது இது’ என்று குறித்தறியும் அறிவு எனவும் பொருள் சொல்லலாம்.

மூன்றாவது வழியே பெருங்குழப்பத்துக்கு வித்து. பிற்கால மரபின் பொருளை முந்தைய நூலின் மேல் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை; 27ஆம் காதை தானே இலக்கணம் தருகிறது. ஒரு பொருள் இருக்கிறது என்ற அளவில் மட்டும் காண்பது சுட்டுணர்வு. என்ன பொருள், எவ்வகை, என்ன பெயர் என்பதெல்லாம் அதில் இல்லை. இப்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு 29ஆம் காதைக்கு வந்தால் முரண் கரைந்துபோகிறது. அறவணர் அங்கே காட்சியிலிருந்து பெயர், இனம், பண்பு, தொழில் என்னும் நான்கையும் விலக்கி, அவற்றை அனுமானத்தின் பக்கம் சேர்க்கிறார். இரு காதைகளிலும் சொல்லின் பொருள் ஒன்றே, மாறியது மதிப்பீடு. வெறும் இருப்பைக் காண்பது அறிவாகாது என்கிறான் வஞ்சியின் வைதிகன். அதுவே கலப்பில்லாத அறிவு என்கிறார் காஞ்சியின் பௌத்தர். வஞ்சியில் பல சமயத்தார் கூற்றையும் கேட்டு மனம் நிறைவுறாமல் வந்தவளுக்கு, எதிரணி பிழையென்று ஒதுக்கிய சொல்லையே எடுத்து ஆசிரியர் விடை சொல்கிறார். இதைக் கவனக்குறைவு என்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

தமிழாக்கம் என்னும் வாதம் இதைவிடக் கனமானது. 29ஆம் காதையின் பெரும்பகுதி, சங்கரசுவாமியின் பெயரில் வழங்கும் வடமொழித் தருக்க நூலான நியாயப்பிரவேசத்தோடு நெருங்கிச் செல்வது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் இடத்தில் அந்நூல் பெயர், இனம் முதலியன என்று சுருக்கிவிட்டு நகர்கிறது. பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகர் தம் பிரமாணசமுச்சயத்துக்குத் தாமே எழுதிய உரையில் பொருளையும் சேர்த்து ஐந்து சொல்கிறார். மணிமேகலை சொல்வது நான்கு. அதோடு, இக்காதை முழுவதும் வடசொற்களைத் தயங்காமல் கையாளும் புலவர், கற்பனை நீங்கியது என்னும் வடமொழி இலக்கணத்தை அப்படியே பெயர்க்காமல், தாம் முன்பே விளக்கிய தமிழ்ச்சொல்லை அதன் இடத்தில் நிறுத்துகிறார். மூலத்தை வரிக்கு வரி பெயர்ப்பவர் செய்யும் வேலை அன்று இது. திக்நாகர் பிறந்த ஊரைக் காஞ்சியை ஒட்டிய சிம்மவக்திரம் என்றும், நாளந்தாவின் தலைமை ஆசிரியரான தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்றும் சொல்லும் மரபுகளை மெய்ப்பிக்க இயலாது. என் வாதம் அவற்றைச் சார்ந்தும் இல்லை. காப்பியத்தின் காலம் பற்றிய நீண்ட வழக்கும் இங்கே குறுக்கிடாது. அளவையியல் வேறு, உளவியல் வேறு என்ற மறுப்பு, அறிவு எவ்வாறு பிழைக்கிறது என்று எட்டு வகையாகப் பிரித்து எடுத்துக்காட்டோடு விளக்கும் பகுதியைப் படித்தவரிடமிருந்து வர முடியாது.

இச்சொல் முதலாண்டு மாணவருக்கு எதற்கு? காஞ்சிபுரத்துக் கடையில் ஒரு பட்டுச்சேலையை விரித்து அசைக்கிறார்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். மடிப்பு புரளப் புரள நீலமும் பச்சையும் மாறிமாறிக் கண்ணில் படுகின்றன. ‘மயில்கழுத்து’ என்று விற்பவர் சொன்ன பிறகு அது ஒரு நிறம். பெயரும் இனமும் பெற்றுவிட்ட நிறம். பெயருக்கு முந்தைய அந்தக் கணம் சுட்டுணர்வு. இன்றைய பாடநூல் அதனைப் புலனுணர்வு என்று கீழ்ப்படியில் வைத்து, பொருள் ஏற்றிய பிறகே புலன்காட்சி என்கிறது. அதாவது, பாடநூல் தன்னை அறியாமலே வஞ்சியின் பக்கம் நிற்கிறது. காட்சிக்குள்ளேயே நாம் உணராத அனுமானம் நிகழ்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹெல்ம்ஹோல்ட்சையும் இவ்வழக்கில் ஒரு தரப்பாக நிறுத்தலாம். அறவணரும் அவரும் ஒரே கருத்தினர் என்று நான் சொல்லவில்லை. காட்சி எங்கே முடிந்து அனுமானம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடுதான் இருவருக்கும் பொதுக் கேள்வி. புலனுணர்வுக்கும் புலன்காட்சிக்கும் இடையிலுள்ள கோடு ஒரு கோட்பாட்டின் முடிவு என்பதை மாணவர் முதல் பாடத்திலேயே அறிய வேண்டும். இரு வரையறைகளை மட்டும் எழுதிப் போடும் பாடத்தில் அது தெரிவதில்லை.

போலி அளவைகள் எட்டனுள் பிறவற்றைப் பாடநூற் சொற்களோடு பொருத்துவதில் நிதானம் வேண்டும். இப்பியை வெள்ளி எனக் கொள்ளும் திரியக்கோடல், திரிபுக்காட்சிக்கு அப்படியே பொருந்தும். முயற்கோடு போலச் சொல்லளவில் கருத்தில் தோன்றும் இல்வழக்கை, இல்லாத பொருளைக் கண்முன் இருப்பதாகக் காணும் ‘இல்பொருள் காட்சி’யோடு இணைப்பது தவறு, அங்கே கண் எதையும் காண்பதில்லை. புலி நெருங்குவதைக் கண்டும் அறியாதிருக்கும் கண்டுணராமை கடினமான இடம். சைமன்ஸும் சாப்ரிஸும் 1999இல் வெளியிட்ட சோதனையில், பந்து கைமாறுவதை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நடுவே நடந்துபோன கொரில்லா வேடத்தாரைக் கவனிக்கவே இல்லை. அங்கே கவனம் வேறிடத்தில் இருந்தது. காப்பியம் அப்படியொரு காரணம் கூறவில்லை. அச்சத்தால் அறிவு மயங்கியது என்றும் புலி உவமைக்குப் பொருள் கொள்ள இடமுண்டு. இருந்தாலும், இந்நிகழ்வுக்குப் புதுச்சொல் ஆக்க முனைவோர் கண்டுணராமையைத் தாண்டிப் போகத் தேவையில்லை என்றே கருதுகிறேன்.