ஆயிரம் வாட் எங்கிருந்து வந்தது? வீட்டு ஆடியோவின் வரவு-செலவுக் கணக்கு



தீபாவளித் தள்ளுபடிக் காலம் வந்தால் நம் செக்யூரிட்டி அறையில் ஸ்பீக்கர், சவுண்ட்பார் பெட்டிகள் அடுக்கடுக்காக வந்து இறங்குகின்றன. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 500 வாட், 1000 வாட் என்று போட்டிருக்கிறது. "சார், எது வாங்கினால் கொடுத்த காசுக்கு மதிப்பு?" என்று லிஃப்டில் கேட்கிறவர்கள் உண்டு. நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பாட்டுக் கேட்பதும், ஒரு எண்ணைப் பார்த்தால் அது எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று தேடுவதும் என் பழைய பழக்கங்கள். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

15 வாட் போதும் என்றிருந்த காலம்

முதலில் இருந்த 78 சுற்று இசைத்தட்டு அரக்கு கலந்து செய்தது. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் பாடும். கரகரப்பும் இருக்கும். தட்டிலேயே அவ்வளவுதான் இருந்ததால், பாடும் பெட்டி எப்படி இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. 1948 ஜூனில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டை வெளியிட்டது. வினைல் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல். தட்டு திருந்தியதும் பெட்டியின் குறை வெளியே தெரிய ஆரம்பித்தது. வீட்டில் 'ஹை-ஃபை' என்ற ஆசை பரவியது அதற்குப் பிறகுதான்.

அதற்கு ஒரு வருடம் முன்பே, 1947 ஏப்ரலில், இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் டி.டி.என். வில்லியம்சன் என்பவர் ஒரு ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட்டை வெளியிட்டிருந்தார். சால்டரிங் பிடிக்கத் தெரிந்த எவரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதன் சக்தி 15 வாட். அந்த 15 வாட் கொடுக்கும்போதும் ஒலிச் சிதைவு, அதாவது டிஸ்டார்ஷன், 0.1 சதவீதத்துக்குள் இருந்தது. உலகம் முழுவதும் ஆர்வலர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். ஒரு ஹாலுக்கு 15 வாட் தாராளம் என்பதே அன்றைய எண்ணம்.

பீரோ அளவு பெட்டி சிறுத்த கதை

ஆம்ப்ளிஃபயர் சரியானாலும் ஸ்பீக்கர் சிக்கலாகவே இருந்தது. மிருதங்கத்தின் தொப்பி போன்ற கனமான ஒலி வேண்டுமென்றால் அன்று பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். 1954ல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் இதற்கு வழி கண்டார். தம்மிடம் படித்த ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 'அக்கூஸ்டிக் ரிசர்ச்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். சுருக்கமாக ஏ.ஆர்.

அவர் செய்தது இதுதான். ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் ஆடும்போது அதை இழுத்துப் பிடித்து நடுவுக்குக் கொண்டுவர ஒரு விறைப்பான பிடிமானம் இருக்கும். ஆட்டம் பெரிதானால் அந்தப் பிடிமானம் சீராக இழுக்காது, ஒலி சிதையும். வில்ச்சர் பிடிமானத்தைத் தளர்த்திவிட்டு, பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் வேலையைச் செய்தது, அதுவும் சீராகச் செய்தது. புத்தக அலமாரியில் அடங்கும் பெட்டியில் ஆழமான பாஸ் கிடைத்தது. 1958ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பெட்டி தேவைப்பட்டது. இரண்டு பீரோவை எந்த வீட்டம்மா ஹாலில் அனுமதிப்பார்? சிறிய பெட்டி வந்திருந்ததால்தான் ஸ்டீரியோ சாதாரண வீடுகளுக்குள் நுழைய முடிந்தது.

ஏ.ஆர். நிறுவனம் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு அறை வைத்திருந்தது. யாரும் வந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம். அங்கே எதையும் விற்க மாட்டார்கள். பொருளின் மேல் நம்பிக்கை இருந்தவர்களின் வியாபாரம் அப்படி.

அதே சமயத்தில் டேவிட் ஹாஃப்லரின் டைனகோ நிறுவனம் வேறு வழியில் விலையைக் குறைத்தது. 1959ல் வந்த 'ஸ்டீரியோ 70' ஆம்ப்ளிஃபயர், பக்கத்துக்கு 35 வாட். உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் நீங்களே பூட்டிக்கொண்டால் 99.95 டாலர். கூலி மிச்சம், தரத்தில் குறைவில்லை. லட்சக்கணக்கில் விற்றது.

வரவு உண்டென்றால் பற்றும் உண்டு

வில்ச்சரின் சிறிய பெட்டிக்கு ஒரு விலை இருந்தது. அதே சத்தத்தைக் கொடுக்க அது பழைய பெரிய பெட்டியைவிட அதிக வாட் கேட்டது. ஆகவே ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறவர்கள் வாட் எண்ணைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எந்த எண்ணை வாடிக்கையாளர் பார்க்கிறாரோ, அந்த எண் வீங்க ஆரம்பிக்கும். இது வங்கியில் நாங்கள் அறிந்த விஷயம்தான்.

1960களில் 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று விதவிதமான வாட்கள் விளம்பரத்துக்கு வந்தன. பக்கத்துக்கு 20 வாட் தொடர்ந்து கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அலையின் உச்சியை மட்டும் அளந்தால் 20 என்பது 40 ஆகும். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் 80. ஒலி சிதைந்தாலும் பரவாயில்லை என்று அளந்தால் 100ஐத் தாண்டிவிடலாம். பொருள் அதேதான், எண் மட்டும் ஐந்து மடங்கு.

இதை அடக்க அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974ல் ஒரு விதி கொண்டுவந்தது. விளம்பரத்தில் வாட் சொன்னால், அது ஒரு பக்கத்துக்குத் தொடர்ந்து கிடைக்கும் சக்தியாக இருக்க வேண்டும். எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு, எந்த அதிர்வெண் முதல் எதுவரை, அதிகபட்சச் சிதைவு எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அளப்பதற்கு முன் ஒரு மணி நேரம் மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஓட்டிச் சூடாக்க வேண்டியிருந்தது. அந்தச் சூட்டில்தான் மலிவான பெட்டிகளின் குட்டு வெளிப்பட்டது.

நம் ஊர்க் கடைகளுக்கு 1990களில் வந்த 'பி.எம்.பி.ஓ.' உங்களுக்கு நினைவிருக்கும். கையில் தூக்கிப்போகும் டூ-இன்-ஒன்னில் 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று ஸ்டிக்கர் பளபளக்கும். அந்த நான்கு எழுத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறையே கிடையாது. கம்பெனி சொன்னதுதான் கணக்கு. இன்று அந்த எழுத்துகள் மறைந்துவிட்டாலும் குணம் போகவில்லை. சந்தேகம் வந்தால் பெட்டியின் பின்புறத்தையோ அடாப்டரையோ திருப்பிப் பாருங்கள். அடாப்டர் 30 வாட்தான் கொடுக்கும் என்று போட்டிருந்தால், முன்புறம் போட்டிருக்கும் 300 வாட் தொடர்ந்து வர வழியில்லை. வரவுக்கு மேல் செலவு செய்ய மின்சாரத்தாலும் முடியாது.

காதின் கணக்கு வேறு

வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும், அது காதுக்குச் சிறிய வித்தியாசம். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். ஸ்பீக்கர் விவரத்தில் 'சென்சிடிவிட்டி' என்று ஒரு எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பதே அது. 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட் செய்யும் வேலையை 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் செய்துவிடும். நாம் ஹாலில் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல். அப்படியானால் நம் ஃபிளாட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஒரு வாட்டே அதிகம். மீதியெல்லாம் திடீரென்று எழும் தவில் அடிக்கான கையிருப்பு.

1978ல் வந்த 'என்.ஏ.டி. 3020' இதைப் புரிந்துகொண்ட ஆம்ப்ளிஃபயர். பார்க்க எடுப்பாக இருக்காது. பக்கத்துக்கு 20 வாட் என்று அடக்கமாகச் சொன்னார்கள். ஆனால் தேவைப்பட்ட கணத்தில் அதைவிட அதிகம் கொடுக்கவும், மக்கர் செய்யும் ஸ்பீக்கர்களைச் சமாளிக்கவும் அதற்குத் தெம்பு இருந்தது. குறைந்த விலைக்கு நல்ல ஒலி என்றால் இன்றும் அதன் பெயரைச் சொல்கிறார்கள்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் ஃப்ளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி 1980களில் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கச் செய்தார். கண்ணுக்குத் தெரியாதபோது பெரும்பாலோர் ஒரே மாதிரி ஸ்பீக்கர்களையே தேர்ந்தெடுத்தார்கள். எந்தச் சுரத்தையும் தூக்காமல், அமுக்காமல், சீராக ஒலிப்பவையே அவை. பிறகு 1994ல் ஷான் ஆலிவுடன் சேர்ந்து திரையை விலக்கியும் சோதித்தார். பெட்டியின் உருவத்தையும் பெயரையும் பார்த்ததும் அதே ஆட்களின் மதிப்பெண்கள் மாறின.

நாம் வாங்கும்போது

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது சில விஷயங்கள். பட்ஜெட்டில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்குப் போகட்டும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோய்க் கடையில் கண்ணை மூடிக் கேளுங்கள். இரண்டை ஒப்பிடும்போது சத்த அளவு சமமாக இருக்கட்டும், ஏனென்றால் சற்றே அதிகமாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும். வாட் கேட்டால் 'ஆர்.எம்.எஸ். எவ்வளவு, எத்தனை ஓமுக்கு' என்று கேளுங்கள். தடிமனான சாதாரணச் செம்புக் கம்பி போதும், ஆயிரக்கணக்கில் கேபிளுக்குக் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்துக்குத் திரைச்சீலையும் தரைவிரிப்பும் வாங்கினால் எதிரொலி குறைந்து பாட்டு தெளிவாகும். சப்வூஃபர் வைத்தால் பொதுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கனமான ஒலியைக் கான்கிரீட் தளம் தடுப்பதில்லை, கீழ்வீட்டுக்கு அப்படியே இறங்கிவிடும். இரவு 10 மணிக்கு மேல் குடியிருப்புப் பகுதிக்கு விதி சொல்லும் அளவு 45 டெசிபல் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. எட்கர் வில்ச்சர் 1967ல் தம் நிறுவனத்தை விற்றுவிட்டுக் காது கேட்கும் கருவி ஆராய்ச்சியில் இறங்கினார். வயதானால் எல்லா ஒலியும் ஒரே அளவில் குறைவதில்லை, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் தேயும். எனவே ஒலியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தேவைக்கேற்பப் பெருக்கும் முறையை 1973ல் வெளியிட்டார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைய கருவிகள் பெரும்பாலும் அந்த முறையில்தான் வேலை செய்கின்றன. நம் பிளாக்கில் காலை நடைக்கு வரும் மூத்தவர்கள் சிலரின் காதிலும் அந்த மனிதரின் உழைப்பு இருக்கிறது. 60ஐத் தாண்டியவர்கள் புது ஸ்பீக்கருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், ஒருமுறை காதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. டிவி சத்தம் போதவில்லை என்று வீட்டில் நடக்கும் பாதிச் சண்டைக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடலாம்.