காத்திருப்பின் கூலி: தூத்துக்குடிக் கரையில் வேலையின்மை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

வேலை இல்லை என்பதை ஓர் இல்லாமையாக மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். பொருளாதார நூலில் அது ஒரு சதவீதம், மேடையில் ஒரு புள்ளிவிவரம், வீட்டில் 'சும்மா கெடக்கான்' என்கிற வசவு. ஆனால் தூத்துக்குடிக் கரையில் யாரும் சும்மா கிடந்ததில்லை. காற்று திரும்ப, கப்பல் வர, மழை விட, சிப்பி முதிர என்று காத்திருந்திருக்கிறார்கள். இந்தக் காத்திருப்புக்கு யார் கூலி கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், என்ன அத்தாட்சி கேட்டுக் கொடுத்தார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. மேற்கு ஐரோப்பாவில் உள்ளதுபோல அனைவருக்குமான வேலையின்மைக் காப்பீடு இங்கு இருந்ததில்லை. எனவே அதற்கு இங்கே வரலாறும் இல்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. வரலாறு இருக்கிறது. வெவ்வேறு துறைகளின் படிவங்களுக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

1

முத்துக்குளிப்பிலிருந்து தொடங்கலாம். முத்துக்குளித்துறை என்ற பெயர் வருஷா வருஷம் முத்து எடுத்த ஊர் என்ற பிரமையைத் தருகிறது. உண்மையில் மன்னார் வளைகுடாவின் பார்கள் பெரும்பாலான ஆண்டுகளில் வெறுமையாகவே இருந்தன. தூத்துக்குடியில் 1926 முதல் 1928 வரை குளிப்பு நடந்தது. அடுத்தது 1955-இல்தான். அதிலிருந்து 1961 வரை தொடர்ந்து நடந்து நின்றுபோனது. இடையில் இருபத்தேழு ஆண்டுகள். ஒரு குளிகாரன் பிறந்து, ஆளாகி, மணமுடித்துப் பிள்ளை பெறுகிற காலம் அது.

பிரிட்டிஷ் ஆட்சியில் அரசு பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து மதிப்பிட்டு, லாபம் தேறும் என்றால் மட்டும் குளிப்பை அறிவித்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிகாரருக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. கூலி கிடையாது, பங்குதான். கேட்கச் சமத்துவமாக இருக்கும். ஆனால் பங்கு என்ற ஏற்பாட்டில் காற்று அடித்துக் கடலுக்குப் போக முடியாத நாளுக்குப் பங்கு இல்லை. பார் வெறுமையான ஆண்டுக்கும் பங்கு இல்லை. பாரின் உரிமை அரசிடம், பார் காய்ந்துபோவதன் நஷ்டம் பரவனிடம். வேலையின்மையைத் தொழிலாளியின் சொந்த விஷயமாக ஆக்கிவிடும் மிகப் பழைய தந்திரம் இது. இன்றைய ஒப்பந்தக் கூலி முறையில் அதன் சாயலைக் காணாதவர்கள் யார்?

2

வேலையற்றவனுக்கு அரசு ஏதாவது கொடுக்கும்போது அது முதலில் கேட்பது அவன் உடம்பை. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் நிவாரண வேலைகளில் ரிச்சர்ட் டெம்பிள் ஒரு கூலியை நிர்ணயித்தார்: ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த கார்னிஷ் இதில் ஒரு மனிதன் உயிரோடு வேலை செய்ய முடியாது என்று எதிர்த்து வாதாடினார். இதோடு 'தூரப் பரிசோதனை' என்றொன்றும் இருந்தது. பத்து மைலுக்கு அப்பாலுள்ள முகாமுக்கு நடந்து போக வேண்டும். அவ்வளவு தூரம் நடந்து வருகிறவன்தான் உண்மையிலேயே பசித்தவன் என்பது அதன் தர்க்கம். நடக்க முடியாத அளவு பசித்தவன் கணக்கில் வரமாட்டான். நிவாரணம் என்பது உதவி மட்டுமல்ல, சந்தேகமும்கூட. கொடுக்கிற கையிலேயே ஒரு விசாரணை இருக்கிறது. பூக்கோ சிறையையும் மருத்துவமனையையும் வைத்து எழுதியதை நாம் பஞ்ச முகாமை வைத்து எழுதியிருக்க வேண்டும்.

இதற்கு நேர்எதிரான ஒரு கணம் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. 1908 பிப்ரவரி 27-இல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களில் பேசியது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது, வேலைநிறுத்தக்காரர்களுக்காகப் பணம் திரட்டியதும், ஊருக்குள் மாற்றுவேலைக்கு ஏற்பாடு செய்ததும். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்து மார்ச் முதல் வாரத்தில் ஆலைக்குத் திரும்பினார்கள். அந்த நாட்களில் ஊர்தான் அவர்களுக்கு நிதியம். 'பத்து மைல் நடந்து காட்டு' என்று யாரும் கேட்கவில்லை. மார்ச் 12-இல் தலைவர்கள் கைதானார்கள். இந்த நிகழ்வைச் சுதேசிய இயக்கத்தின் ஓர் அத்தியாயமாக மட்டும் வாசித்ததில், வேலையற்ற நாட்களைக் கூட்டாகத் தாங்கிய முன்னுதாரணம் நம் பார்வையிலிருந்து நழுவிவிட்டது.

3

1931-இல் வெளிவந்த ராயல் தொழிலாளர் கமிஷன் அறிக்கை தேசிய அளவிலான வேலையின்மைக் காப்பீடு இங்கு சாத்தியமில்லை என்றது. அதே அறிக்கை துறைமுகக் கூலிகளின் அன்றாடங்காய்ச்சி நிலையை முறைப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. ஏன் துறைமுகம் மட்டும்? கப்பல் எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. வந்துவிட்டால் அந்த நிமிஷமே ஆள் வேண்டும். அதாவது காத்திருக்கும் கூட்டம் ஒன்று மூலதனத்துக்கு எப்போதும் கரையில் தேவை. மார்க்ஸ் சொன்ன சேமப்பட்டாளத்தை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

1948-இல் துறைமுகத் தொழிலாளர் (வேலை ஒழுங்குமுறை) சட்டம் வந்தது. அதன்கீழ் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் 1950களின் தொடக்கத்தில் திட்டங்கள் அமலாயின. பதிவு பெற்ற தொழிலாளி தினமும் அழைப்பிடத்துக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் வருகைப்படி உண்டு. மாதத்தில் இத்தனை நாளுக்குக் குறைந்தபட்சக் கூலி என்ற உத்தரவாதம் உண்டு. வேலைக்கு வந்து, மழையாலோ வேறு காரணத்தாலோ வேலை தொடங்க முடியாமல் போனால் தரப்பட்டதற்குப் பெயரே தனி. தமிழில் 'ஏமாற்றப் பணம்' என்றுதான் சொல்ல வேண்டும். சட்டமொழி தன்னையறியாமல் உண்மை பேசிய இடம் இது என்று எனக்குப் படுகிறது. ஏமாற்றத்துக்கு விலை உண்டு, அதைத் தொழிலாளி மட்டும் சுமக்க வேண்டியதில்லை என்று அரசே ஒப்புக்கொண்டது.

தூத்துக்குடியின் கதை வேறு. இங்கே கப்பல் பல மைல் தள்ளி நங்கூரம் போடும், சரக்கு தோணியில் வரும். ஆனி, ஆடிக் காற்றில் தோணிகள் கரையேறிவிடும். புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974 ஜூலை 11-இல். பம்பாய், சென்னை, கொச்சி, விசாகப்பட்டினம்போலத் தனியான தொழிலாளர் வாரியம் இங்கு அமையவில்லை. 'பூல்' என்ற ஏற்பாடுதான். பூலில் பெயர் இருப்பவனுக்கும் வாசலில் நிற்பவனுக்கும் இடையிலான கோடு ஒரே குடும்பத்துக்குள்ளும் ஓடியது. 'உள்ள இருக்கான்', 'வெளிய நிக்கான்' என்பவை இந்த ஊரில் வெறும் இடத்தைக் குறிக்கும் சொற்கள் அல்ல. 1997-இல் பெருந்துறைமுகங்களை 1948 சட்டத்திலிருந்து விலக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. 1999-இல் தனியார் கொள்கலன் முனையம் இங்கு இயங்கத் தொடங்கியது. பளுதூக்கி, காத்திருக்கும் கூட்டத்தின் தேவையைக் குறைத்தது. காத்திருப்புக்குக் கூலி தந்த சட்டம் தளர்ந்ததும் அதே காலத்தில்தான். இதைத் தற்செயல் என்று நம்புவதற்கு நமக்கு நிறைய வெள்ளந்தித்தனம் வேண்டும்.

4

ஆலைத் தொழிலாளிக்கு வந்தது 1953 திருத்தம். தொழில் தகராறுச் சட்டத்தில் லே-ஆஃப் இழப்பீடு சேர்க்கப்பட்டது: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி. நிபந்தனைகளைக் கவனியுங்கள். தினமும் குறித்த நேரத்தில் ஆலைக்கு வந்து முகம் காட்ட வேண்டும். ஐந்து மைல் சுற்றளவில் அதே முதலாளி அதே கூலிக்குத் தரும் மாற்றுவேலையை மறுத்தால் இழப்பீடு போச்சு. டெம்பிளின் பத்து மைல் ஐந்து மைலாகச் சுருங்கிச் சுதந்திர இந்தியாவின் சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அதைவிட முக்கியம் விலக்குகள். பதிலிக்குக் கிடையாது. தற்காலிகத் தொழிலாளிக்குக் கிடையாது. ஐம்பது பேருக்குக் குறைந்த நிறுவனத்துக்குக் கிடையாது. பருவகாலத் தொழிலுக்குக் கிடையாது. எவனுக்கு அடிக்கடி வேலை போகுமோ அவனுக்குத்தான் வேலையின்மை இழப்பீடு இல்லை! வேலை நிரந்தரமாக இருப்பவனே வேலையற்றவன் என்ற தகுதியைப் பெற முடியும்.

படித்தவர்களின் பக்கம் வேலைவாய்ப்பு அலுவலகம். 1945-இல் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காகத் தொடங்கியது இது. தமிழ்நாட்டில் 2006-இல் கொண்டுவரப்பட்ட வேலையற்றோர் உதவித்தொகையைப் பெற, பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். பதிவை மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பிக்கத் தவறியிருக்கக் கூடாது. வருவாய்த்துறைச் சான்று, ஆண்டுதோறும் சுய உறுதிமொழி. இவ்வளவும் சரியாக இருந்தால் மூன்றாண்டுக்கு மட்டும் பணம். தொடக்கத்தில் மாதம் 300 ஆக இருந்து பின்னர் 600 ரூபாயாக உயர்ந்தது பட்டதாரியின் தொகை. தமிழ் எம்.ஏ. படித்த எங்கள் தலைமுறைக்கு இந்த அட்டை ஒரு ஜாதகம் மாதிரி, சீனியாரிட்டிதான் கிரகநிலை. வேலையின்மைக்கே பணிமூப்பு கேட்கும் வினோதம் இது.

5

இப்போது கடலுக்கும் அளத்துக்கும் வருவோம். 2001 முதல் கிழக்குக் கரையில் இழுவைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. 45 நாளாக இருந்தது 2017-இல் 61 நாளானது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த நிவாரணத்தை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் முதல்வர் அறிவித்தார். இங்கே ஒரு தெளிவு உண்டு. வேலையை நிறுத்தச் சொன்னது அரசு; ஆகவே இழப்புக்கு அரசு பொறுப்பு. அந்தப் பொறுப்பு போதுமானதா என்பது வேறு விஷயம். ஆனால் படகு நின்றால் நிற்பது வலை மட்டுமல்ல. ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், ஏலக்கரையில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் பெண் எல்லோருடைய வருமானமும் நிற்கிறது. மீனவக் குடும்பம் என்ற வரையறைக்கு வெளியே இருந்தால் அவர்கள் வேலையற்றவர்களாகக்கூடக் கருதப்படுவதில்லை.

உப்பளத்தில் வடகிழக்குப் பருவமழை பாத்தியை மூடிவிடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வேலை இல்லை. அந்த மாதங்களை அட்வான்ஸ் வாங்கிக் கடத்துவார்கள். தை பிறந்ததும் கடனோடுதான் அளத்துக்குள் இறங்குவார்கள். வேலைக்குத் திரும்புதல் என்பது இங்கே விடுதலை அல்ல, கடன் கழிக்கப் போவது. மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் என்ற திட்டம் 2020களில்தான் வந்தது. பல தலைமுறைகளாக இந்த மூன்று மாதத்தை இயற்கையின் கணக்கில் எழுதிவந்தோம். மழை இயற்கைதான். மழைக்காலத்தில் பட்டினி இயற்கையா?

6

இந்த இடத்தில் தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள்: இதெல்லாம் எலும்புத்துண்டு, போராட்ட உணர்வை மழுங்கடிக்கும் சலுகை என்று. மறுபக்கம் நடுத்தர வர்க்கம் 'இலவசம்' என்று முகம் சுளிக்கும். இரண்டு தரப்பும் ஒரே அனுமானத்தில்தான் நிற்கின்றன. கொடுக்கப்படுவது தானம் என்ற அனுமானம் அது. நான் மேலே சொன்ன வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. கப்பல் வரும்போது ஆள் இருந்தான் என்றால், கப்பல் வராத நாளிலும் அவன் எங்கோ சாப்பிட்டு உயிரோடிருந்தான். அந்தச் செலவை யாரோ ஏற்றார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், கந்துவட்டிக்காரன், கடைப்பற்று. வருகைப்படி இந்தச் செலவின் ஒரு சிறு பகுதியைத் தொழிலின் கணக்குக்குத் திருப்பியது. அதனால்தான் அது அரசியல்.

அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவு வேலையின்மையில் பொது உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது, 'பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு' என்ற வாலோடு. வழிகாட்டு நெறி என்பதால் அதை வைத்து நீதிமன்றத்தில் நேரடியாகக் கேட்க முடியாது. 2005 ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒருபடி மேலே போய், பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் படி தர வேண்டும் என்றது. ஆனால் மனு கொடுத்த தேதியோடு ரசீது வேண்டும். ரசீது இல்லாவிட்டால் நீங்கள் வேலை கேட்கவேயில்லை என்று ஆகிவிடும். சட்டம் தந்ததைப் படிவம் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

ஆகவே தொகையை உயர்த்தக் கோருவதோடு நம் வேலை முடிவதில்லை. பட்டியலை யார் தயாரிக்கிறார்கள், அத்தாட்சி சுமத்தும் பொறுப்பு யார் தலையில் என்பதே சண்டை போட வேண்டிய இடம். உப்பளத்தில் ஒரு பெண் இத்தனை நாள் உப்பு சுமந்தாள் என்பதை நிரூபிக்க வேண்டியது அவளா, கூலி கொடுத்தவரா? வருகைப் பதிவேடு அளத்துக்காரர் கையில் இருக்கும்வரை அந்த 5,000 ரூபாய்கூட அவர் தயவில்தான் வரும். சங்கங்கள் தங்கள் சொந்தப் பதிவேட்டை வைத்துக்கொள்ளலாம்: யார், எந்த அளம், எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் காத்திருப்பு. அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வரும் ஐப்பசிக்குள் ஒரு தெருவிலாவது தொடங்க முடியுமா என்பதைத் தூத்துக்குடி நண்பர்களிடம் கேட்கிறேன்.