சட்டத்துக்கு முன்னே நடந்த சகோதரிகள்

தசைச்சிதைவு ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பதில்லை. தரையில் உட்கார்ந்த பிள்ளை இரு கைகளையும் தொடைமேல் ஊன்றி, உடம்பை மெல்ல மெல்ல மேலே தள்ளி எழுகிறது. சோம்பல் என்று திட்டு விழும். பிறகு படி ஏற முடியாது. ஒருநாள் தம்ளரைத் தூக்கவும் முடியாது.

சேலம் மாவட்டத்தில் இந்த நோயைப் போலியோ என்று நினைத்தவர்களும் உண்டு. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் வகுத்த ஏழு வகை ஊனங்களில் தசைச்சிதைவுக்குத் தனிப்பெயர் இல்லை. கை, கால் குறைபாடு என்ற பொதுத் தலைப்புக்குள் அது அடங்கிப்போனது.

சேலத்தில் அந்த நோயோடு வளர்ந்த வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகள் 2009-இல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். முகாம்கள் நடத்தினார்கள், பெற்றோர்களிடம் நோயை விளக்கினார்கள். சட்டத்தில் பெயர் இல்லாத நோயைப் பற்றிய கொள்கை ஆய்வு என்றால் தலைநகரத்து அறிக்கை மட்டும்தானா? சக்கர நாற்காலியில் இருந்தபடி இவர்கள் சொன்னதும் அதில் சேர்த்தியே.

2016 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. தசைச்சிதைவு அதில் பெயரோடு இடம்பெற்றது. அடுத்த மாதமே, 2017 ஜனவரியில், வானவன் மாதேவி காலமானார். சட்டம் நடைமுறைக்கு வந்தது ஏப்ரலில்.