அறமும் விலையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், பருத்தித்துறைக்கு மேற்கே அமைந்த வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல்களாற் பெயர்பெற்ற பட்டினமாகும். நாகபட்டினத்துக்கும் பர்மாவுக்கும் இவ்வூர்க் கப்பல்கள் சரக்கேற்றிச் சென்று மீண்டன. இங்குக் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, இவ்வூர் மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்திற் சேர்த்தனர்.

கடல் வாணிகம் கணக்கறிந்து செய்யும் தொழில். ஆயினும், வல்வெட்டித்துறையின் சிவன் கோயிலாகிய வைத்தீசுவரன் கோயில், 19ஆம் நூற்றாண்டில், கப்பல் உரிமையாளரான வெங்கடாசலம்பிள்ளை என்பாரின் முயற்சியால் எழுந்தது. கப்பலில் வந்த செல்வம் கல்லாகிக் கோயிலாயிற்று. இத்தகைய கொடையைக் காணுந்தோறும் ஓர் ஐயம் எழுவதுண்டு. கொடுத்தவர் அன்பினாற் கொடுத்தாரா, புகழை விரும்பிக் கொடுத்தாரா, மறுமைப் பயனைக் கருதிக் கொடுத்தாரா? தன்னலம் சிறிதும் கலவாத செயல் மனிதனுக்கு இயலுமா?

இவ்வினா தமிழருக்குப் புதியதன்று. ஆய் அண்டிரன் என்னும் வள்ளலைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இப்பிறப்பிற் செய்தது மறுபிறப்பில் உதவும் என்று எண்ணிக் கொடுப்பவனை, அறத்தை விலைக்கு விற்கும் வணிகனாகவே கண்டார். ஆய் அத்தகையவன் அல்லன் என்றும், சான்றோர் சென்ற நெறி இதுவென்றே அவன் கொடுத்தான் என்றும் புறநானூற்றுப் பாடலொன்றில் அவர் கூறினார். புண்ணியத்தை எதிர்பார்த்தலும் ஒருவகை இலாபமே என்று கண்ட புலவரின் கூர்மை வியக்கத்தக்கது. வணிகர் வாழும் ஊருக்கு இது கசப்பான தீர்ப்புப் போலவும் தோன்றும்.

மேனாட்டு அறிஞர் சிலர் இதனினும் கடுமையாகப் பேசினர். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமசு ஆபுசு என்னும் மெய்யியலாளர், மனிதனின் செயல்கள் யாவும் தன்னலத்திற் பிறப்பன என்று கருதியவர். அவர் ஒருநாள் வறிய முதியவர் ஒருவருக்குப் பிச்சையிட்டார். காரணம் வினவப்பட்டபோது, அம்முதியவரின் துன்பத்தைக் காண்பது தமக்கும் துன்பமாயிற்று என்றும், அவருடைய துயரைத் தணித்த கொடை தம்முடைய துயரையும் தணித்தது என்றும் விடையளித்தார் எனக் கூறுவர். இவ்வாறு நோக்கினால் எந்தக் கொடையும் தப்பாது. ஈந்தவன் மகிழ்ந்தான், மகிழ்ச்சியும் ஓர் ஊதியமே என்று வாதிடலாம்.

இவ்வாதத்தின் பிழையை 1726ஆம் ஆண்டில் வெளியான தம் சொற்பொழிவுகளில் யோசேப்பு பட்லர் என்னும் சமய அறிஞர் எடுத்துக்காட்டினார். பசியில்லாதவனுக்கு உணவு இன்பந் தராது. அதுபோலவே, பிறருடைய நலத்தை விரும்பாதவனுக்குப் பிறருடைய நலம் மகிழ்ச்சி தராது. அம்முதியவரின் துன்பம் ஆபுசின் நெஞ்சை வருத்தியது எங்ஙனம்? தன்னலமே முழு மனமானால், வீதியிற் கிடந்த ஏழையின் துயர் அவருக்கு ஒரு பொருட்டாகத் தோன்றியே இராது. ஆகவே மகிழ்ச்சி கொடைக்குக் கிடைத்த விலையன்று; கொடுத்தவனிடம் அன்பு முன்னரே இருந்தமைக்குச் சான்று. விலை வேறு, விளைவு வேறு.

யாழ்ப்பாண வரலாற்றிலும் இதற்கொரு சான்றுண்டு. 1877ஆம் ஆண்டளவில் நாட்டிற் பஞ்சம் வாட்டியபோது, நல்லூர் ஆறுமுக நாவலர் செல்வரிடம் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். சைவத்தை வளர்த்தல் நாவலரின் வாழ்நாட் குறிக்கோள். பொருள் தந்தவர்களுட் சிலர் புண்ணியத்தையும் சிலர் நன்மதிப்பையும் எண்ணியிருத்தல் கூடும். இத்தகைய எண்ணங்கள் ஒரு நெஞ்சிற் கலந்திருந்தமையால் ஆங்கே அன்பே இல்லை என்று முடிவு செய்தல் பொருந்தாது. ஆற்று நீரிற் சேறு கலந்திருப்பினும் அது நீரே. பயிர் அதனால் தழைக்கும்.

எனினும் முடமோசியாரின் எச்சரிக்கையைத் தள்ளிவிடலாகாது. ஒருவன் தன் கொடையைத் தானே சோதித்தற்கு அது உரைகல்லாகும். தன் பெயர் கல்லிற் பொறிக்கப்படாதாயினும் கொடுப்பானா? பெற்றவன் நன்றி மறந்தாலும் மீண்டும் உதவுவானா? ஆம் எனின், உடன் வந்த மகிழ்ச்சியும் புகழும் அவனுடைய அறத்தைக் கெடுக்கமாட்டா. இல்லை எனின், நிகழ்ந்தது வாணிகமே. இந்த உரைகல்லைப் பிறருடைய நெஞ்சில் உரைத்துப் பார்க்க எவராலும் இயலாது. தன் நெஞ்சில் உரைத்துப் பார்க்க எவராலும் இயலும். எல்லாச் செயலும் தன்னலமே என்னும் கொள்கை இவ்வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. அதனை ஏற்பவன் பிறருக்கு நன்றி கூறவும் மாட்டான். தன்னைத் திருத்திக்கொள்ளவும் மாட்டான்.

புறநானூற்றிலே கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்னும் புலவர் ஒருவர் உளர். அரிய அமிழ்தம் கிடைப்பினும் தனித்துண்ணாது, பிறர் பொருட்டு உழைப்போர் இருத்தலால் இவ்வுலகம் நிலைபெறுகிறது என்பது அவருடைய முடிவு. கடலில் மாய்ந்தவர் என்றே பெயர் நின்ற அப்புலவரின் சொல், கடலுக்குச் சென்றோரை எதிர்பார்த்து வாழ்ந்த வல்வெட்டித்துறைக்கு மிக அணுக்கமானது. புயலிற் பாயிறக்கும் மாலுமி தன் உயிரையும் காக்கிறான். உடனிருப்போர் உயிரையும் காக்கிறான். அவ்விரண்டனுள் எது முந்தியது என்று அக்கப்பலில் எவரும் கேட்பதில்லை.