தீயும் கறையானும்

எரேமியா இறைவாக்கினர் நூலின் 36ஆம் அதிகாரம் ஒரு நூலெரிப்பைப் பற்றிக் கூறுகின்றது. எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய சுருளேடு யூதாவின் அரசன் யோயாக்கிமின் முன்னிலையில் வாசிக்கப்படுகின்றது. அது குளிர்காலம். அரசனுக்கு முன்னே கணப்புச் சட்டியில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கின்றது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் அரசன் அவற்றைக் கத்தியால் அறுத்து நெருப்பில் இடுகின்றான். இறுதியில் சுருள் முழுவதும் சாம்பலாகின்றது. ஆனால் அதிகாரம் அத்துடன் முடியவில்லை. எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாரூக்கிடம் கொடுக்கின்றார். எரிந்துபோன சொற்கள் யாவும் மீண்டும் எழுதப்படுகின்றன. அவற்றோடு புதிய சொற்கள் பலவும் சேர்க்கப்படுகின்றன.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் இந்த அதிகாரம் என் நினைவுக்கு வருவதுண்டு.

அந்நூலகம் அரச ஆணையினாலோ செல்வர் ஒருவரின் கொடையினாலோ தோன்றியதன்று. 1933ஆம் ஆண்டில் கே. எம். செல்லப்பா என்பவர் தம் இல்லத்தில் இருந்த நூல்களை அயலவர்க்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு ஊரவர் குழு ஒன்று அமைந்தது. ஒரே ஓர் அறை, 844 நூல்கள், ஏறக்குறைய முப்பது பத்திரிகைகளும் சஞ்சிகைகளும்: இவ்வளவே அன்றைய நூலகம். பகற் பொழுதின் தொழில் முடிந்து வந்த வளர்ந்தோர்க்கு அவ்வறையே இரண்டாவது பள்ளிக்கூடமாயிற்று.

நூல்கள் பெருகவே நிலையான கட்டடம் ஒன்று வேண்டியதாயிற்று. அம்முயற்சியில் முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர், புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக விளங்கிய அமலமரித் தியாகிகள் சபைக் குருவான லோங் அடிகளார். அயர்லாந்திலே பிறந்த அவர் இந்நகரைத் தம் ஊராகவே கொண்டவர். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் அமைத்தார். 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 1967இல் சிறுவர் பகுதியும், 1971இல் சொற்பொழிவுகளுக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் உரிய மண்டபமும் அமைந்தன. இவ்வாறு வாசிப்பதற்கென வந்த இடமே, கூடிக் கேட்பதற்கும் கருத்துப் பரிமாறுவதற்கும் உரிய இடமாகவும் வளர்ந்தது. இன்று அதன் முற்றத்தில் கலைமகளின் சிலையும் கத்தோலிக்கக் குருவான லோங் அடிகளாரின் சிலையும் நிற்கின்றன. அறிவுப் பணியில் மதவேலி இல்லை என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று தேவையில்லை.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை ஒட்டி எழுந்த வன்செயலின்போது, அந்நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஆனந்த குமாரசுவாமி, ஐசாக் தம்பையா போன்ற அறிஞர்களின் தொகுதிகளும் அவற்றுள் அடங்கும். அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் உயிர் நீத்தார். நல்லூர் ஞானப்பிரகாச அடிகளாரின் வழியில் தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடுவதிலே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். நூலகத்தைக் கட்டுவதற்கு ஒரு குரு உழைத்தார். அது எரிந்தபோது மற்றொரு குரு உடன் மாண்டார். நம் மறைமாவட்டத்தின் வரலாற்றில் இவ்விரு பெயர்களும் சேர்த்தே நினைக்கப்பட வேண்டியவை.

இழந்தவற்றைப் பேசும்போது ‘யாழ்ப்பாண வைபவமாலை’யின் பெயர் தவறாது சொல்லப்படும். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய அந்நூலின் பழம் பிரதி தீக்கு இரையாயிற்று என்பர். ஆயினும் அந்நூல் அழியவில்லை. 1879ஆம் ஆண்டிலேயே பிறிற்றோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். தமிழில் அது அச்சேறியிருந்தது. ஞானப்பிரகாச அடிகளார் 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ எழுதி அதனை ஆராய்ந்திருந்தார். பல கைகளில் இருந்தமையால் அது பிழைத்தது. ஒரே பிரதியாக ஒரே அலுமாரியில் இருந்தவையே மீளாமற் போயின.

இவ்விடத்தில் நாம் நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். 1599ஆம் ஆண்டு கேரளத்தின் உதயம்பேரூரில் கோவாப் பேராயர் மெனேசிஸ் கூட்டிய சங்கம், தோமையார் கிறிஸ்தவர்களின் சிரிய மொழி நூல்கள் பலவற்றைத் தீயிடப் பணித்தது. விசுவாசத்தைக் காப்பதாக எண்ணியே அதைச் செய்தார்கள். ஒரு மக்களின் நினைவை எரிப்பவர் எவரும் தம் செயலுக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருப்பர். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மையின் பெயரால் இழைக்கப்பட்ட கொடுமைகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். யாழ்ப்பாண நூலக எரிப்புக்காக 2016இல் நாட்டின் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பிறர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், நம் மன்னிப்பையும் மறந்துவிடலாகாது.

என் பங்கிற்கும் ஒரு மன்னிப்பு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் கரையோரப் பங்கு ஒன்றில் பணியாற்றினேன். அங்கே முதிய அண்ணாவியார் ஒருவரின் வீட்டில், அவருடைய பாட்டனார் காலத்துக் கூத்துக் கொப்பி ஒன்று றங்குப் பெட்டியில் இருந்தது. “சுவாமி, இதை ஆரையும் கொண்டு பாத்து எழுதுவியுங்கோ; எனக்குக் கண் தெரியுதில்லை” என்று அவர் கேட்டார். திருவிழா முடியட்டும் என்றேன். திருவிழா முடிந்தது, தவக்காலம் வந்தது, மாற்றமும் வந்தது. இரண்டு ஆண்டுகளின் பின் அவருடைய அடக்கச் சடங்கிற்குச் சென்றபோது மகள் பெட்டியைத் திறந்து காட்டினார். கறையான் மண் எடுத்திருந்தது. இறுதியில் உள்ள மங்களப் பாடலின் சில அடிகள் மாத்திரம் வாசிக்கக் கூடியதாக இருந்தன. அந்தக் கொப்பியை எவரும் தீயிடவில்லை. பொலிசாரும் வரவில்லை, காடையரும் வரவில்லை. நான் காலந்தாழ்த்தினேன், அவ்வளவுதான்.

தீயினால் அழிந்ததற்கு நாம் ஆண்டுதோறும் துக்கம் கொண்டாடுகின்றோம், அது தகும். ஆனால் கறையானால் அழிவதற்கு யார் துக்கம் கொண்டாடுவது?

நூலகம் மீண்டும் எழுந்துள்ளது. 1998இல் தொடங்கிய மீளமைப்பு முயற்சி பல தடைகளைக் கடந்து நிறைவேறியது. வெள்ளை நிறக் கட்டடத்தின் முன் நின்று பலர் படம் எடுத்துச் செல்கின்றனர். நினைவுச் சின்னமாகப் பார்ப்பது எளிது. வாசகராக உள்ளே நுழைவதே அரிது. நம் பங்கு மக்களுள் வளர்ந்தோர் எத்தனை பேர் அதன் அங்கத்தவர்கள்? பிள்ளைகளைத் தனியார் வகுப்புக்கு ஏற்றி இறக்கும் பெற்றோர், அந்த ஒரு மணி நேரத்தை வாசிகசாலையில் செலவிட்டால் என்ன?

வீடுகளில் இன்னும் பெட்டிகள் இருக்கின்றன. ‘தேவசகாயம்பிள்ளை’, ‘எஸ்தாக்கியார்’ கூத்துப் பிரதிகள், பழைய வியாகுலப் பிரசங்க ஏடுகள், 1876இல் தொடங்கிய ‘பாதுகாவலன்’ இதழ்கள், பாட்டிமார் எழுதிவைத்த செபக் கொப்பிகள் என எவை எவையோ அவற்றுள் உறங்கக்கூடும். அவற்றைத் திறவுங்கள். ஒன்றைப் பலவாக்குங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிமத் திட்டம் போன்றவை இப்பணியை முன்னரிலும் எளிதாக்கியுள்ளன. ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று பொது நூலகத்திற்குச் செல்லட்டும்.

எரேமியா இறைவனின் வாக்கைப் பெற்றவர். ஆயினும், எழுதுகோலோடு அருகில் அமர ஒரு பாரூக்கு இருந்தமையாலேயே அந்த வாக்கு நம் கைக்கு வந்துள்ளது. அந்த அண்ணாவியார் என்னிடம் கேட்டதும் ஒரு பாரூக்கைத்தான்.