தென்காசிக் கோபுரமும் திருக்குற்றாலச் சாரலும்

ஆனி, ஆடி மாதங்கள் வந்துவிட்டால் நம் சங்கத்துக் குடும்பங்களில் குற்றால யாத்திரை போகாதன மிகச் சில. போகின்றவர்களும் பெரும்பாலும் பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடி, பழங்களும் மூலிகைத் தைலமும் வாங்கிக்கொண்டு மறுநாளே ஊர் திரும்பிவிடுகின்றனர். வழியில் 3 மைலுக்கு முன்னதாகவே தென்காசிக் கோபுரம் தலை நிமிர்ந்து நிற்கின்றது. வண்டியிலிருந்தே கைகூப்பிவிட்டுக் கடந்துபோகிறோம். அக்கோபுரத்தை எழுப்பிய அரசன் பின்வருவோரை நோக்கி ஒரு விண்ணப்பம் செய்து வைத்திருக்கின்றான் என்பதும், அவ்விண்ணப்பம் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது என்பதும் நம்மில் அநேகர் அறியாதன. அதனை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரை பாண்டியர் கையை விட்டுப்போன வரலாற்றை முதலில் சிறிது நினைவுகூர வேண்டும். 1311-ஆம் ஆண்டில் மாலிக் காபூரின் படையெடுப்பு. அதன்பின் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி. அவர்களை வென்று விசயநகரத்துக் குமார கம்பணன் வருகை. இவ்வாறு அடுத்தடுத்து நேர்ந்த மாறுதல்களால் பாண்டியர் தம் பழம்பதியை இழந்து, பொருநை பாயும் தென்பாண்டி நாட்டில் ஒதுங்கினர். அவ்வாறு ஒதுங்கியோர் மேற்குமலையடிவாரத்தில், சிற்றாற்றங்கரையில் தமக்கென ஒரு தலைநகரை அமைத்துக்கொண்டனர். அதுவே தென்காசி.

அங்கே 1422-ஆம் ஆண்டில் முடிசூடியவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். வடகாசிக்குச் சென்று வழிபட இயலாத தென்னாட்டார்க்கு இங்கேயே ஒரு காசியை அமைத்துத் தருமாறு இறைவன் கனவில் பணித்ததாகவும், எறும்புகளின் ஒழுக்கைப் பின்தொடர்ந்து சென்ற மன்னன் செண்பக வனத்தில் சிவலிங்கத்தைக் கண்டதாகவும் தல வரலாறு கூறும். வரலாறோ வேறொன்றையும் உணர்த்துகின்றது. மதுரையை இழந்த குலம், தன் பெயர் நிலைக்க இன்னொரு பெருங்கோயிலை நாடியது. 1446-ஆம் ஆண்டில் விசுவநாதர் கோயில் திருப்பணி தொடங்கிற்று. பதினோராண்டு கழித்து, 1457-இல், இராசகோபுர வேலை தொடங்கப்பெற்றது. 1463-இல் அரசன் மறைந்தான். எஞ்சிய பணியைத் தம்பி குலசேகர பாண்டியன் ஏற்று முடித்தான்.

இக்கோயிற் கல்வெட்டுகளில் பராக்கிரமன் வாக்காகவே அமைந்த பாடல்கள் உள்ளன. நம் நாட்டு அரசர் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியோர்க்கு அவை வியப்பைத் தரும். ஏனெனில், மெய்க்கீர்த்திகளிற் பெரும்பாலும் வென்ற நாடுகளும் கொண்ட திறைகளுமே பேசப்பெறும். இறுதியில் இத்தருமத்துக்குத் தீங்கு செய்வோர் கங்கைக் கரையிற் காராம் பசுவைக் கொன்ற பாவத்திற் போவர் என்ற சாபமும் இருக்கும். பராக்கிரமனோ சாபத்தை நாடாமல் வணக்கத்தை நாடினான். பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேருமாயின், அக்குறையை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியத் தான் பணிவதாக அவன் சொல்லிவைத்தான். 'என் மக்கள்' என்றோ 'என் குலத்தார்' என்றோ அவன் வரையறுக்கவில்லை. முன்னோர் ஆண்ட மதுரை பிறர் வசமாய்விட்டதை அறிந்த அவ்வரசன், தென்காசியும் ஒருநாள் தன் வழியினரிடம் இராது என்பதை உணர்ந்தே அவ்வாறு பாடினான் என்று கருத இடமுண்டு. முடி சூடிய தலை, இன்னும் பிறவாத யாரோ ஒருவரின் அடியில் தாழ்ந்தது.

அவன் அஞ்சியவாறே ஆயிற்று. இவ்வழியில் வந்த அதிவீரராம பாண்டியர் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரியணை ஏறி, நைடதம், காசிகாண்டம், வெற்றிவேற்கை முதலிய நூல்களை இயற்றினார். அரசு சுருங்கிய காலத்தில் தமிழ் பெருகிற்று என்றே சொல்லலாம். நாயக்கர்க்கு அடங்கியே ஆண்டுவந்த அம்மரபு பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு மங்கிவிட்டது. அதற்குப்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடி வீழ்ந்து இராசகோபுரம் பிளவுண்டது. மேல்நிலைகள் இன்றி இருபுறமும் பிளந்து நின்ற அதனை ஊரார் 'மொட்டைக் கோபுரம்' என்றே வழங்கலாயினர். நம் பாட்டன்மாரும் அவர்தம் பாட்டன்மாரும் கண்டது அந்தப் பிளவுண்ட உருவையேயாம். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம், அரசன் யாரை வணங்கினானோ அவர் வந்திலர்.

பின்னர் சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியால் ஒன்பது நிலைகளோடு, ஏறத்தாழ 180 அடி உயரமுள்ள இன்றைய கோபுரம் எழுந்து, 1990-ஆம் ஆண்டில் குடமுழுக்கு நிகழ்ந்தது. பழைய கல்லடித்தளத்தின் மேல் புதிய நிலைகள் அமைந்த அவ்வெழிலைச் சற்றே நின்று நோக்குதல் நன்று. கோபுர வாயிலில் மலைக்கணவாய்க் காற்று வந்து மோதும் விசையைச் சிறுவர்கள் மிக விரும்புவர். உள்ளே மண்டபத்துத் தூண்களில் வீரபத்திரர், காளி, இரதி, மன்மதன் முதலிய பெரிய சிற்பங்கள் உள்ளன. தூணும் சிலையும் ஒரே கல்லாய் அமைந்தவை. அவற்றைக் காணாது திரும்புவோர் பாதிக் கோயிலே கண்டவர்.

தென்காசியினின்று குற்றாலம் செல்லும் வழியில் மேலகரம் என்னும் சிற்றூர் உள்ளது. திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் அது. மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அந்நூலைப் பாராட்டிக் கவிராயர்க்கு நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. ஒரு நூலின் பெயரால் வயல் வழங்கிய நாடு இது என்பதை நம் பிள்ளைகளுக்கு அவ்விடத்திலேயே காட்டிச் சொல்லுதல் வேண்டும்.

குற்றாலத்தின் பெருமை அருவியோடு முடிந்துவிடுவதன்று. திருஞானசம்பந்தர் திருக்குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், அங்குள்ள குறும்பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் பாடியுள்ளார். பேரருவியின் அருகே சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலில், திருமாலாய் நின்ற மூர்த்தியை அகத்தியர் சிவலிங்கமாக்கினார் என்பது புராணம். நீர் மேலிருந்து பொங்குமாங்கடலில் வீழ்ந்து, அதனை நிரப்பிப் பின் கீழே பொழிகின்றது. அத்தடம் இடையில் நின்று வேகத்தைத் தணிப்பதனாலேதான் நாம் அடியில் நின்று நீராட முடிகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து வருவதால், மழைமறைவில் இருக்கவேண்டிய இப்பக்கத்துக்கும் மெல்லிய சாரல் வாய்க்கின்றது. அக்கணவாய் வழியாகவே 1904-இல் செங்கோட்டையினின்று கொல்லத்துக்கு இருப்புப்பாதையும் திறக்கப்பெற்றது. கும்பினியார் இங்கே கிராம்பு, சாதிக்காய் முதலிய நறுமணப் பயிர்த் தோட்டங்கள் வைத்ததும் இவ்வீரத்தை நம்பியே. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இவ்வூரில் வாழ்ந்து, இராசாசி, கல்கி முதலியோருடன் கம்பனைச் சுவைத்ததும் இச்சாரலிலேதான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மலைமேற் பெய்யும் மழை கீழிருப்போர்க்குத் தெரிவதில்லை. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் வெயில் காலமென்று நம்பி நீராடிக்கொண்டிருந்தபோது திடீர் வெள்ளம் பாய்ந்து, இளம் மாணவன் ஒருவன் உயிரிழந்தான். காவலர் விலகச் சொன்னால் வாதாடாமல் விலகுவதே குடும்பத்தோடு வந்தோர்க்கு அழகு. செண்பகாதேவி, தேனருவிப் பக்கங்களுக்கு வனத்துறையின் அனுமதியின்றிப் போதல் ஆகாது.

இனி, பெரும்பாலோர் காணாமலே திரும்பும் ஓரிடம் சித்திரசபை. கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்று அது. ஏனைய சபைகளிற் போலன்றி இங்கே பெருமான் ஓவியமாகவே ஆடுகின்றான். குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்றே அப்பால், தெப்பக்குளத்தின் எதிரில், செப்போடு வேய்ந்த மரக்கூரையுடன் அது நிற்கின்றது. உட்சுவரெங்கும் மூலிகை வண்ணம் தீட்டிய தெய்வ வடிவங்கள். கல் இடியைத் தாங்காதபோது, வண்ணம் ஈரத்தை எவ்வளவு காலம் தாங்கும்? சாரல் ஈரமும் தொடும் கைகளும் அச்சுவர்க்குப் பகையாதலின், பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று கண்ணாற் கண்டு வருதலே தகும். மார்கழித் திருவாதிரையை ஒட்டி அங்கே தாண்டவ தீபாராதனை நிகழும். ஆடிச் சாரலுக்குப் போக இயலாத அன்பர்கள் அந்நாளிற் போகலாம். நண்பகலுக்கு முன் தென்காசியில் விசுவநாதரை வழிபட்டு, கல்வெட்டு எங்குள்ளதெனக் கோயிலாரிடம் கேட்டறிந்து படித்துக்கொண்டு, மாலையில் குற்றாலம் சேர்தல் எளிது.